கலப்பத்துக்காரர்களின் கரை

கொட்டாப்புளி உளித்தலையில் விழும் சத்தம் முதலில் மந்தமாகத்தான் இருக்கிறது. பலகை இடுக்கில் பஞ்சுத்திரி இறங்க இறங்கச் சத்தம் இறுகுகிறது. ஒரு கட்டத்தில் ‘டொக்’கென்று விழுந்தது ‘டங்’கென்று கேட்கும். அந்த இடத்தில் மேஸ்திரி கையை நிறுத்தி, உளியை ஒரு சாண் நகர்த்தி வைக்கிறார். திரி போதுமான அளவு ஏறிவிட்டதா என்பதை அவர் காதுதான் முடிவு செய்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நான் போனது தடைக்காலத்தில். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஆண்டு முழுக்கத் தண்ணீரில் கிடந்த படகுகள் அப்போதுதான் கரையேறுகின்றன. அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறார்கள். உளுத்த பலகையைப் பெயர்த்துப் புதுப்பலகை ஏற்றுகிறார்கள். பெயின்ட், குங்கிலியம், டீசல், கருவாடு எல்லாம் சேர்ந்த வாடையில், படகுகளின் வயிற்றுக்குக் கீழே குந்தியபடி ஆட்கள் கலப்பத்து பார்க்கிறார்கள்.

கலப்பத்து என்பது பலகைக்கும் பலகைக்கும் இடையிலான சந்தை அடைக்கும் வேலை. பழைய அடைப்பைக் கொக்கிபோல் வளைந்த இரும்பால் கிளறி எடுக்க வேண்டும். பஞ்சுத்திரியை உள்ளங்கையில் உருட்டி, மழுங்கிய வாயுள்ள உளியால் சந்துக்குள் இறக்க வேண்டும். மேலே குங்கிலியப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூச வேண்டும். திரி குறைந்தால் தண்ணீர் உள்ளே வரும். அளவுக்கு மேல் திணித்தால், மரம் தண்ணீரில் ஊறிப் பெருக்கும்போது பலகை நெட்டித் தள்ளிக்கொண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த அளவு எந்த வரைபடத்திலும் எழுதியிருக்காது.

“எப்படிண்ணே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“மாமாகூட திரி உருட்டிக் குடுக்க வந்தேன் சார். ரெண்டு வருசம் உளியே தொட வுடல. சத்தத்தக் கேளு, சத்தத்தக் கேளுன்னுதான் சொல்லுவாரு.” அடுத்த திரியை உருட்டிக்கொண்டே சொன்னார்: “இப்ப மரத்துமேல பைபர் ஒட்டிடறாங்க. இல்லன்னா இரும்பு போட்டு வாங்கிடறாங்க. எங்களுக்கு இன்னா வேல இருக்குது? நான் கூப்ட்டா எம்பையனே வரமாட்டான்.”

குறைபட்டுக்கொள்ளும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொன்னார். எனக்குத்தான் அது தாங்கவில்லை.

கடல்சார் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் மக்களோடு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியோடுதான் இந்தக் கரைக்கு வந்திருந்தேன். குஜராத்தின் லோதலில் தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் எழுந்துகொண்டிருக்கிறது. கடலோர மாநிலங்களுக்கு அங்கே காட்சிக்கூடங்கள் உண்டு என்கிறது திட்டம். அப்படி ஒரு கூடத்தில் சென்னையின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால், கோட்டைக்கும் கவர்னருக்கும் முன்னால் ராயபுரத்துப் படகோட்டியைத்தான் நிறுத்த வேண்டும்.

காரணம் எளியது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வந்து இறங்கிய இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. ஏறக்குறைய 240 ஆண்டுகள் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து கரைவரை அலை அடுக்கடுக்காக உடையும். ஐரோப்பியரின் ஆணியடித்த படகு அந்த அலையில் மணலில் மோதினால் பிளந்துவிடும். ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு அதைக் கடந்தது மசூலா படகுதான். பலகைகளை ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். வங்கு எனப்படும் விலா மரங்கள் கிடையாது. தையலுக்கு உள்பக்கம் நார் வைத்து இறுக்கியிருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் அடிக்கும்போது மூங்கில் கூடை போல நெளிந்து கொடுத்துப் பழைய வடிவுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிக்க, பின்னால் தண்டேல் நின்று திசை பிடிப்பார். எந்த அலையில் காத்திருப்பது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்பது அவர் கணக்கு. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். கடிதங்களைப் பனையோலைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்களும் கட்டுமரக்காரர்களே. இங்கே வந்து இறங்கிய கவர்னரும் சிப்பாயும் பாதிரியும், இங்கிருந்து ஏறிய துணிமூட்டையும் இவர்கள் கை படாமல் கடல் கடந்ததில்லை.

ராயபுரம் அர்ச். ராயப்பர் ஆலயத்தின் முன் நின்றால் இதற்குச் சாட்சி கிடைக்கிறது. 1829-இல் கட்டப்பட்ட இந்தக் கோயில், படகோட்டிகள் தங்கள் வருமானத்திலிருந்து சேர்த்த நிதியில் எழுந்தது. படகுக் கூலியில் கோயில் கட்டிய சமூகம் அது. ஆனால் ராயபுரத்துக்கு வரலாற்று நடை அழைத்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் 1856-இன் ரயில் நிலையத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது பெருமைதான். அந்த ரயில் பாதைக்கான சாமான்கள் கப்பலிலிருந்து எப்படிக் கரை சேர்ந்தன என்பதையும் ஒரு நிமிடம் சொல்லலாமே.

பிறகு துறைமுகம் வந்தது. 1876-இல் தொடங்கிய வேலையை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். வாயில் மணலடித்ததால் 1904 முதல் 1919 வரை பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் திறந்தார்கள். மசூலாவுக்குத் துறைமுக வேலை போயிற்று. கரைவலை இழுக்கும் படகாகச் சில காலம் உயிரோடிருந்தது. இன்னொன்றும் நடந்தது. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீண்ட கல்சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் குவித்திருக்கும் பாறாங்கற்கள் அந்தக் கணக்கின் மறுபக்கம். மெரினாவில் காற்று வாங்குகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அருங்காட்சியகத்தின் முதல் பொது நிகழ்ச்சியாக மெரினாவிலிருந்து எண்ணூர் வரை ஒரு நடை வைத்தால், எந்தப் பலகையும் எழுதாமலே மக்களுக்கு இது விளங்கிவிடும்.

நம் படகைப் பற்றி வெளியே பேசியிருக்கிறார்கள். 1984 நவம்பரில் லண்டன் கிரீனிச்சில் தைத்த படகுகளைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்தது. மறு ஆண்டு அது நூலாக வந்தது. மசூலாவைப் பற்றிய எரிக் கென்ட்லியின் கட்டுரை அதில் இருக்கிறது. அதற்கும் முன்பே, சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் மசூலா தைத்தவரின் பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அந்த அறிவு இன்னும் வந்து சேரவில்லை.

தைக்கும் கலை செத்துவிட்டது என்று யாரும் கைவிரிக்க முடியாது. ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியக் கப்பலை மாதிரியாகக் கொண்டு, கேரளக் கைவினைஞர் பாபு சங்கரன் தலைமையில் ஒரு குழு கோவாவில் ஒரு கப்பலைக் கயிற்றால் தைத்தது. ‘கௌண்டின்யா’ என்ற பெயரோடு 2025 மே மாதம் கார்வாரில் அது இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. கேரளத்தில் கை மிச்சமிருந்ததால் அது நடந்தது. காசிமேட்டில் மிச்சமிருப்பது கலப்பத்துக் கை. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

எப்படி என்பதற்கு டென்மார்க்கின் ரோஸ்கில்டு நல்ல பதில் வைத்திருக்கிறது. கடலடியிலிருந்து 1962-இல் எடுத்த ஐந்து வைக்கிங் கப்பல்களுக்காகத் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பக்கத்திலேயே படகுப் பட்டறை இருக்கிறது. தச்சர்கள் வேலை செய்கிறார்கள், வந்தவர்கள் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். கோடையில் பார்வையாளர்களே துடுப்புப் பிடித்துப் படகு வலிக்கலாம். அந்த ஐந்தில் பெரியதன் மறுவடிவத்தை அங்கேயே கட்டி 2007-இல் டப்ளின் வரை பாய்விரித்து ஓட்டினார்கள். அங்கே தச்சர் சம்பளம் வாங்கும் ஆள். அவரைக் காட்சிப்பொருளாக யாரும் நிறுத்தி வைக்கவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நம் விழாக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, தொழிலாளியை வெறுங்கையோடு அனுப்பும் மரபு நம்முடையது.

வலைக்கொட்டகையில் ஒரு பெரியவர் கிழிந்த கண்ணிகளை ஊசியால் கட்டிக்கொண்டிருந்தார். காலின் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். ஊசி போய்வரும் வேகத்தில் முடிச்சு கண்ணுக்குப் பிடிபடவில்லை. “மெதுவா ஒருவாட்டி காட்டுங்கய்யா” என்றேன். காட்டினார். மெதுவாகப் போட்டபோது அவருக்கே முடிச்சு தவறியது. சிரித்துவிட்டு, பழைய வேகத்தில் போட்டார், சரியாக விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுவன் ஒருவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே ஊசியை வாங்கிக்கொண்டான். பயிற்சி முகாம் என்று வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

கலையைக் குப்பத்துக்குக் கொண்டுபோன முன்மாதிரியும் சென்னையில் உண்டு. 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தினார்கள். 2017-இல் கபேர் வாசுகி எழுதிய பொறம்போக்குப் பாட்டைக் கிருஷ்ணா பாடியபோது, படம் பிடித்த இடம் எண்ணூர்க் கழிமுகம். கொற்றலை ஆற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கரை அது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து கழிமுகத்தில் பரவிய எண்ணெயையும் வாளியால் அள்ளியவர்கள் இருக்கிறார்கள். அள்ளிய கைகளில் மீனவர் கைகளும் உண்டு. கடல்சார் வரலாறு என்று ஒன்றை எழுதினால் அந்த வாளிக்கும் அதில் இடம் வேண்டும். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்களுக்கும் இடம் வேண்டும்.

நிகழ்ச்சிகளுக்கு நாள் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தடைக்காலமே அதற்கான பருவம். படகுகள் கரையில் நிற்கும். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. வலை கட்டும் பெரியவர்களும் கடலுக்குப் போகாத வாலிபர்களும் ஊரில் இருப்பார்கள். அந்த 61 நாளுக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அந்த நாட்களில் கலப்பத்து மேஸ்திரிக்கும் வலை கட்டுபவருக்கும் முடிச்சு சொல்லித்தரும் நாளுக்கு ஆசிரியர் சம்பளம் கிடைத்தால் அது தர்மம் ஆகாது, வேலைக்குக் கூலி. ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரு குழு, ஒரு பழைய பலகை, ஓர் உளி, ஒரு கொட்டாப்புளி போதும். சத்தம் எப்போது மாறுகிறது என்று அவர்கள் கேட்கட்டும். வாடை, கொண்டல், கச்சான், தென்றல் என்று காற்றுகளின் பெயரைக் கடலுக்குப் போனவர் வாயால் கேட்கட்டும். அம்பா எனும் மீனவர் பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பதிவு செய்துகொள்ளட்டும்.

துறைமுக நிர்வாகத்தையும் அருங்காட்சியகத் துறையையும் மீன்வளத் துறையையும் நான் கேட்பது இதுதான்: கட்டடம் எழும்வரை காத்திருக்காதீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. உங்கள் பிள்ளைகளை ஒருநாள் காலையில் காசிமேட்டுக்குக் கூட்டிப் போங்கள். மேஸ்திரியிடம் அனுமதி கேட்டு, வேலைக்கு இடைஞ்சலாக நிற்காமல் பாருங்கள். பேச்சுக் கொடுத்தால் சொல்லித் தருகிறார்கள். படகுகள் ஏப்ரல் 15 அன்று கரையேறத் தொடங்கும்.