ஆபீஸுக்கு வரும் அந்த ஒரு போன்! - டைகர் உட்ஸும் அப்பாவும்

அப்பா ஆபீஸில் வேலையாக இருக்கிறார். போன் அடிக்கிறது. எடுத்தால் மழலைக் குரல். இன்றைக்கு நானும் உங்களோடு விளையாட வரட்டுமா என்று கேட்கிறது. அப்பா உடனே பதில் சொல்ல மாட்டார். யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகுதான் 'சரி, வா' என்பார். இன்னொரு நாளும் அதே போன், அதே கேள்வி, அதே பதில்.

அந்த அப்பா ஏர்ல் உட்ஸ். போன் செய்த பிள்ளை, பின்னாளில் கோல்ஃப் உலகையே ஆண்ட டைகர் உட்ஸ். அப்பாவின் ஆபீஸ் நம்பரை மனப்பாடம் செய்தபோது, அவனுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை.

ஏர்ல், அமெரிக்க ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். வியட்நாம் போரைப் பார்த்தவர். கோல்ஃப் விளையாடத் தொடங்கியபோது அவருக்கு வயது 42. தாமதமாக வந்த காதல் என்பதால் பிடியும் அதிகம். கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் நகரில், வீட்டு கராஜில் வலை கட்டி அதில் பந்தடித்துப் பழகுவார். கைக்குழந்தையாக இருந்த டைகரைப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்.

அப்பா அடிப்பதைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு வயது நிரம்பும் முன்பே, நாற்காலியிலிருந்து இறங்கி, மட்டையைப் பிடித்து அப்பாவைப் போலவே வீசியதாம். அசந்துபோன ஏர்ல், மனைவி குல்திதாவைக் கூப்பிட்டுக் காட்டினார். 1978-ல், 2 வயதில், டிவி நிகழ்ச்சியிலேயே பந்தடித்துக் காட்டினான் டைகர்.

சொல்லாத சொல்

இந்தக் கதையில் இனிப்பு மட்டும் இல்லை. மகன் கொஞ்சம் வளர்ந்ததும், ஏர்லுக்குள் இருந்த ராணுவக்காரர் வெளியே வந்தார். டைகர் மட்டையை ஓங்கும் நேரம் பார்த்து, பாக்கெட்டில் சில்லறையைக் குலுக்குவார். இருமுவார். பையைத் தொப்பென்று கீழே போடுவார். கடுமையான வார்த்தைகளாலும் சீண்டுவார். எது நடந்தாலும் மகனின் கவனம் சிதறக் கூடாது என்பது அவர் கணக்கு.

தாங்க முடியாவிட்டால் சொல்வதற்கு ஒரு சொல் இருந்தது. 'போதும்'. அதைச் சொன்னால் அப்பா நிறுத்திவிடுவார். டைகர் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று பின்னர் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பயிற்சிதான் தன்னை உறுதியாக்கியது என்றும் அவர் நம்பினார். ஆனால், எல்லாப் பிள்ளைகளும் டைகர் இல்லை. 'போதும்' என்று சொல்லவும் முடியாமல், தாங்கவும் முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்!

அதே இடம், இன்னொரு அணைப்பு

1997 ஏப்ரல். அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி. இதய அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன நிலையில், மகனைப் பார்க்க வந்துவிட்டார் ஏர்ல். 21 வயது டைகர், 12 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். ஆட்டம் முடிந்த 18-வது கிரீனுக்குப் பின்னால் காத்திருந்த அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார்.

2006 மே மாதம் ஏர்ல் காலமானார். ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த ஓபன் போட்டியில் டைகர் வென்றபோது, கட்டிப்பிடிக்க அப்பா இல்லை. கேடியின் தோளில் சாய்ந்து அழுதார்.

பிறகு முதுகுவலி, அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். அவருடைய பிள்ளைகள் சாம், சார்லி இருவருக்கும் கோல்ஃப் என்றால் அப்பாவுக்கு வலி கொடுக்கும் விளையாட்டு என்றுதான் தெரியும். இதைச் சொன்னவரும் டைகர்தான். 2019-ல் மீண்டும் மாஸ்டர்ஸ் வென்றார். 22 வருடங்களுக்கு முன் ஏர்ல் நின்ற அதே பகுதியில், 10 வயது சார்லி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

இப்போது சார்லியும் கோல்ஃப் ஆடுகிறார். 2020 முதல், குடும்பத்தினர் ஜோடியாக ஆடும் பி.என்.சி. போட்டியில் அப்பாவும் மகனும் சேர்ந்து களம் இறங்கியிருக்கிறார்கள். தன் ஸ்விங்கைப் பார்த்துப் பழக வேண்டாம், ரோரி மெக்கில்ராயைப் பார் என்று மகனுக்கு அறிவுரை சொன்னவர் டைகர். உலகமே காப்பியடிக்கப் பார்த்த ஸ்விங் அது!

2024 டிசம்பரில் அதே போட்டி. 4-வது குழியில் சார்லி அடித்த பந்து, ஒரே அடியில் குழிக்குள் விழுந்தது. 15 வயது மகனை அள்ளி அணைத்துக்கொண்டார் டைகர். அந்தப் போட்டியில் அவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனால், அந்த அணைப்பில் தோற்ற முகம் எதுவும் இல்லை.

ஏர்லிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சில்லறைச் சத்தத்தை அல்ல; அந்த போனை. அவர் மகனை வற்புறுத்தி இழுத்துப் போகவில்லை. தனக்குப் பிடித்ததைப் பிள்ளை பார்க்கும் தூரத்தில் செய்தார். பிள்ளை தானே கேட்டது. கேட்டபோது 'வா' என்றார்.

கிரிக்கெட்டோ, கேரமோ, தோட்ட வேலையோ... உங்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பார்த்து, 'நானும் வரட்டுமா?' என்று உங்கள் பிள்ளையும் ஒருநாள் கேட்கும். அன்று கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேட்டுக்கொண்டே இருக்க மாட்டார்கள், வளர்ந்துவிடுவார்கள்!