விடுப்பில் வந்தவரும் கடலோர நகரங்களும்

வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றவர்களின் இல்லங்களில் 'விடுப்பு' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் அறுபது நாட்கள் அவை. முதல் வாரம் உறவினர் வருகையிலும் பெட்டி பிரிப்பதிலும் கழியும். அடுத்த பத்து நாட்கள் திருமண வீடுகளுக்கும் மவுத்தான வீடுகளுக்கும் சென்றுவருவதில் போகும். பிறகு வீட்டு வேலை, நிலப்பத்திரம், வங்கி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம். கடைசி வாரம் மீண்டும் பெட்டி கட்டுதல். கணவனுக்கும் மனைவிக்கும் எனத் தனியே ஒதுக்கப்பட்ட நாள் ஒன்றுகூட அந்தக் கணக்கில் இராது.

எனக்குத் திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் ரியாத் சென்று பத்தொன்பது ஆண்டுகள். அவர் ஊர் வந்த விடுப்புகள் ஒன்பது. கூட்டிப் பார்த்தால் பதினெட்டு மாதங்கள். பத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலம் ஒன்றரை ஆண்டு மட்டுமே. இது என் ஒருத்தியின் கணக்கன்று. இவ்விதழைப் படிக்கும் சகோதரிகளுள் எத்தனையோ பேரின் கணக்கும் இதுவே.

இம்முறை அவர் வந்தபோது மே மாதம். நான் ஓதிக்கொடுக்கும் பெண்கள் மதரஸாவுக்கும் விடுமுறை. "நான்கு நாட்கள் எங்கேயாவது போய் வருவோமா?" என்று அவரே கேட்டார். "கடல் பார்க்க வேண்டும்" என்றேன். ஏலாக்குறிச்சியில் வாழும் எனக்கு ஆறு புதிதன்று. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் எங்கள் பகுதியைக் கடந்துதான் பழையாற்றுக்கு அருகில் கடலைச் சேர்கிறது. ஆற்றைப் பார்த்தே வளர்ந்த நான், அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததில்லை.

மாமியிடம் சொன்னபோது, "பிள்ளைகளுக்குக் கலியாண வயசு வரப்போகுது, இப்ப ஊர் சுற்றவா?" என்றார்கள். கோபத்தில் சொன்ன சொல் அன்று. அவர்கள் காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து பயணம் போவதென்றால் மருத்துவமனைக்கு, அல்லது ஹஜ்ஜுக்கு. என் கணவர் பணிவாகவே, "அம்மா, நாலே நாள்தான்" என்றார். பிளஸ் டூ முடித்திருந்த மகனை மாமியிடம் விட்டுப் புறப்பட்டோம்.

தரங்கம்பாடி

திருமானூர்ப் பாலம் கடந்து, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி சேர்ந்தோம். 1620ஆம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் நாட்டவர் இங்கே கோட்டை கட்டினர். டான்ஸ்போர்க் என்னும் அக்கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். 1706இல் வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இங்குத் தமிழ் அச்சகம் நிறுவினார். வரலாறு படித்தவள் என்பதால் இவையெல்லாம் எனக்குப் பாடப்புத்தகச் செய்திகள். எங்கள் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலோடு பேர் இணைந்த வீரமாமுனிவரும் அதே நூற்றாண்டில் வாழ்ந்தவரே. கடல் கடந்து வந்தவர்கள் தமிழுக்குச் செய்த பணியை எண்ணிக்கொண்டு கோட்டையைச் சுற்றி வந்தோம்.

ஆனால் கடலைக் கண்டதும் வரலாறு மறந்துபோயிற்று. கோட்டைக்குக் கிழக்கே மணலில் இறங்கி நின்றபோது முதல் அலை வந்து பாதத்தை நனைத்தது. சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் நாவில் வரவில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல்வாழ் உயிர்களின் படிவங்கள் கிடைக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் சுருள்சுருளான அம்மோனைட்டுகளை எங்கள் மாணவியருக்குக் காட்டியிருக்கிறேன். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண் கடலுக்கு அடியில் இருந்தது. "நம் ஊரை விட்டுக் கடல் போய்விட்டது, அதைத் தேடி நாம் வந்திருக்கிறோம்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தொலைபேசியில் பலமுறை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்டது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன்.

காரைக்கால்

அன்று மாலையே காரைக்கால் சென்று ஓர் எளிய விடுதியில் தங்கினோம். 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து, 1954 நவம்பர் முதல் நாள் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்த ஊர் இது. பிரெஞ்சு ஆட்சித் தொடர்பால் இவ்வூர் முஸ்லிம்கள் பலர் வியட்நாமின் சைகோன் நகருக்கு வணிகம் செய்யப் போயினர். இன்று ஹோசிமின் நகரம் எனப்படும் அவ்வூரின் நடுவே, தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது.

கடைவீதியில் அவருக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்க விரும்பினேன். "என்ன அளவு?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அவர் எனக்கும் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் வாங்கி வந்தார். அவருக்காக நான் கடையேறி ஒன்று வாங்கும் வாய்ப்பே வந்ததில்லை. அவர் எனக்கு ஒரு பருத்திப் புடவை எடுத்தார். பச்சை நிறம் வேண்டாம், அது இப்போது எனக்குப் பிடிப்பதில்லை என்றேன். "எப்போதிருந்து?" என்றார். இருவரும் வாயடைத்து நின்றோம். பணம் அனுப்பும் சீட்டில் இவையெல்லாம் எழுதப்படுவதில்லை அல்லவா!

இரவு உணவுக்கு ஓர் உணவகம் சென்றோம். வஞ்சிர மீன் குழம்பும் இறால் வறுவலும் வந்தன. ஒரு கவளம் உண்டதுமே, "புளி முந்திவிட்டது, மிளகு பின்னால் சேர்த்திருக்கிறார்கள்" என்றார் அவர். வியப்புடன் பார்த்தேன். ரியாதில் ஓர் அறையில் அறுவர். ஆளுக்கு ஒரு நாள் சமையல் முறை. குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்த்துவிட்டு மாடிமாடியாய் இறங்கி வந்து, ஆறு பேருக்கு உலை வைப்பாராம். "வியாழக்கிழமை என் முறை" என்று அவர் சொன்னபோது, ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வியாழக்கிழமைகள் என் கண்முன் வந்து நின்றன. மீனின் முள்ளை எடுத்து என் தட்டில் சதையை வைத்தார். பரிமாறியே பழகிய என் கைக்கு அன்று வேலை இல்லை.

நாகூரும் நாகப்பட்டினமும்

மறுநாள் நாகூர் சென்றோம். ஐந்து மனோராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியிலும், கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை நாகூரின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பினர். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கி வைத்ததே. இக்கடலோரத்து ஆண்கள் பருவக்காற்றை நம்பிப் பாய்மரம் ஏறியவர்கள். ஒரு காற்றில் போனால் மறு காற்றில்தான் திரும்ப முடியும். அக்காற்று மாறும்வரை இங்குள்ள வீடுகளில் காத்திருந்த பெண்களைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசவில்லை.

அவ்வூர்ப் பெண் ஒருவர் மட்டும் எழுத்தில் நிற்கிறார். சித்தி ஜுனைதா பேகம், 1917இல் நாகூரில் பிறந்து 1998இல் மறைந்தவர். தமிழில் நாவல் எழுதிய முஸ்லிம் பெண்களுள் முன்னோடி. 1938இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர் 'காதலா? கடமையா?'. கல்லூரி நாட்களில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டபோது இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்போலும் என நினைத்தேன். கடமைக்காகவே கடல் கடந்தவரின் பக்கத்தில் அவ்வூர்த் தெருவில் நடந்தபோது, இரண்டும் ஒரே மனிதரிடம் இருப்பதையும், ஒன்று மற்றதைப் பேசவிடாமல் செய்வதையும் உணர்ந்தேன்.

நாகூரின் தம்ரூட்டை இங்குச் சொல்லாமல் விடலாகாது. ரவை, முட்டை, நெய், பால், சர்க்கரை சேர்த்துச் செய்யும் அவ்வினிப்பு இரண்டு நாள் கெடாது. மாமிக்கும் மகனுக்கும் ஒரு கிலோ வாங்கினோம். மேலே இறால் பதித்துப் பொரித்த வாடாவை நின்றபடியே உண்டோம். ஓர் அத்தர்க் கடையில் அவர் நெடுநேரம் நின்று, கடைசியில் ஒன்றும் வாங்காமல் வந்தார். "அங்கே எல்லாம் வாசனைதான். இங்கே வீட்டு வாசனை போதும்" என்றார்.

நாகப்பட்டினத்தில் கலங்கரை விளக்கத்தருகே கடற்கரையில் அமர்ந்தோம். சென்னையிலிருந்து இத்துறைமுகத்தைத் தொட்டுப் பினாங்கு, சிங்கப்பூர் சென்ற 'ரஜுலா' கப்பலை முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அப்போக்குவரத்தே முடிந்தது. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கி வைக்கப்பட்டது. இதே கடல்தான் 2004 டிசம்பர் 26ஆம் நாள் பொங்கி எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஒரே காலைப்பொழுதில் பிரிந்துபோன இணைகள் எத்தனை! பிறகு பார்க்கலாம், பிறகு போகலாம் என்று நாம் தள்ளிவைக்கும் 'பிறகு' நம் கையில் இல்லை என்பதை அக்கரையில் அமர்ந்தபோது இருவருமே உணர்ந்தோம்.

அங்கேதான் அவர், இந்த ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிட எண்ணியிருப்பதைச் சொன்னார். முதுகுவலி இரண்டாண்டுகளாக இருக்கிறதாம். தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னால் நீ என்ன செய்ய முடியும்? அழுவாய்" என்றார். வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு வந்திராது. கூடத்தில் உறவினர், திண்ணையில் அண்டை வீட்டார், அடுக்களையில் நான். பேச இடமும் வேண்டும், பொழுதும் வேண்டும்.

பெண்களுக்கும் ஓர் இடம்

ஜமாஅத் பெரியோர்களின் கவனத்திற்கு ஒன்று. பயணத்தில் லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கித் தொழும் சலுகை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவே. ஆனால் தொழ இடம்? சில ஊர்களில் பெண்களுக்குத் தனி வாயிலும் உளூச் செய்யும் இடமும் இருந்தன. வேறோர் ஊரில் அவர் உள்ளே சென்று தொழுது வரும்வரை நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். பிறகு ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவ்வீட்டு அம்மா முசல்லா விரித்துத் தந்து, தேநீரும் தந்தார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. நெடுஞ்சாலையோரப் பள்ளிகளில் பெண்களுக்கென ஓர் அறையும் கழிப்பிடமும் அமைப்பது பெரும் பொருட்செலவு அன்று.

சுன்னத்தான பயணம்

குடும்பத்தோடு பொழுதுபோக்குவது மார்க்கத்திற்கு அயலானது என எண்ணுவோர் உளர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அன்று அன்னை வென்றார்கள். பிறிதொரு பயணத்தில் அண்ணலார் வென்றார்கள். அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை பார்த்துச் சலிக்கும்வரை அண்ணலார் தம் தோளை மறைப்பாக்கி நின்றார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவு வலம் வந்தபோது, போர்முனை சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் பாடி வருந்துவதைக் கேட்டார்கள். ஒரு பெண் எத்தனைக் காலம் பொறுப்பாள் எனத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, அதற்கேற்பப் படைவீரர் வெளியே இருக்கும் காலத்திற்கு எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதங்கள் என்றும் ஆறு மாதங்கள் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. இரண்டாண்டு என்று எந்த அறிவிப்பும் இல்லை!

வறுமையும் கடனும் தள்ளிய இடத்தில் நாம் நிற்கிறோம். எல்லோரும் உடனே திரும்பி வந்துவிட இயலாது. ஆனால் அறுபதில் நான்கு நாட்களை ஒதுக்க இயலும். எங்கள் நான்கு நாட்களின் செலவு பேருந்து, விடுதி, உணவு, புடவை, செருப்பு, தம்ரூட் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். விடுப்புக்கு வந்தவர் ஊருக்கு வைக்கும் ஒரு வேளை விருந்துக்கு இதைவிடக் கூடுதலாகும்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களே, பெட்டியில் இரண்டு போர்வை குறையட்டும். மாமியார்மார்களே, மகனும் மருமகளும் புறப்பட்டால் பேரப்பிள்ளைகளை மடியில் வாங்கிக்கொண்டு வாழ்த்தி அனுப்புங்கள். எங்கள் மாமி தம்ரூட்டைச் சுவைத்துவிட்டு, "அடுத்த தடவை என்னையும் அந்தக் கடல்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். எழுபது வயதில் அவர்களும் கடலைக் கண்டதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. இன்ஷா அல்லாஹ், அழைத்துச் செல்வோம். அவருடைய செருப்பின் அளவு ஒன்பது.