ரொட்டி ஊரில் ஒரு சோற்றுக்காரன்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் காலை, தெருமுனைத் தள்ளுவண்டியில் வட்ட வட்டமாக அடுக்கியிருந்த ரொட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரொட்டியின்மேல் குற்றம் ஒன்றுமில்லை. அருமையான ரொட்டி. ஆனால் காலையில் ஆலிவ் எண்ணெயும் தேனும் தொட்டு ரொட்டி, மதியம் தஜீன் குழம்பில் தோய்த்து ரொட்டி, ராத்திரி ஹரீரா சூப்போடு ரொட்டி என்று மூன்று நாள் ஓடினால், ஒரு பிடி சோற்றுக்கும் ஒரு கரண்டி ரசத்துக்கும் சொத்தையே எழுதிக் கொடுக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. ஒரு சாப்பாட்டுக் கடையில் "ரூஸ்" உண்டு என்று சொன்னார்கள். அரிசிக்கு அங்கே அதுதான் பெயர். ஆசையாக உட்கார்ந்தேன். சாலட் தட்டின் ஓரத்தில், பீட்ரூட்டுக்குப் பக்கத்தில், கிண்ணத்தில் கவிழ்த்த மாதிரி ஆறிப்போன சோறு கொஞ்சம் வந்தது. மேலே மயோனைஸ். அதற்குமேல் என்னத்தைச் சொல்ல!

வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் குப்பூஸ் என்பார்களே, அதே அரபுச் சொல்தான் இங்கே ஹொப்ஸ். ஆனால் குப்பூஸ் போல மெல்லிசு இல்லை. இரண்டு விரல் கனம், மேலே ரவை ஒட்டிய மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அது உணவு மட்டுமில்லை, கரண்டியும் அதுதான். வலது கையின் கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் ஒரு துண்டைப் பிடித்து, குழம்பையும் காயையும் சேர்த்து அள்ள வேண்டும். தட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். நடுவில் வைத்த தஜீன் மண்சட்டியில், நமக்கு எதிரே இருக்கிற பங்கு மட்டுமே நம்முடையது. கோடு போட்டிருக்காது, ஆனாலும் எல்லை உண்டு. அந்தண்டை ஒரு நல்ல உருளைக்கிழங்கு தெரிகிறதே என்று கையை நீட்டினால் அது அநாகரிகம். கறித்துண்டு நடுவிலேயே கடைசிவரை காத்திருக்கும். வீட்டுக்காரர்தான் பிய்த்து அவரவர் பக்கம் தள்ளுவார்.

நான் தங்கியிருந்தது பழைய நகரத்துக்குள் ஒரு சிறிய விடுதி. வீட்டின் மாடியில் மூன்று அறைகள், அவ்வளவே. நடத்துகிற அம்மாளை எல்லோரும் லல்லா என்றே கூப்பிட்டார்கள். மரியாதைக்குரிய பெண்களை அப்படித்தான் அழைப்பது. என்னை அவர் "வல்தி", அதாவது மகனே என்பார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் படிக்கும் மகள் ஆங்கிலத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் பாலம்.

அந்த வீட்டில் அடுப்பு உண்டு, ஆனாலும் ரொட்டி சுடுவது வீட்டில் இல்லை. காலையில் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் வைத்துத் துணி போர்த்தி, தெருவுக்குப் பொதுவான விறகடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஃபெரான் என்று பெயர். ஒருநாள் கடைக்குட்டிப் பையனோடு நானும் போனேன். இரண்டு படி இறங்கினால் இருட்டு, அனல், மர வாசனை. அடுப்புக்காரர் நீளத் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் ரொட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். பலகைகள் வரிசையாகக் காத்திருந்தன. எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னேன். பையன் கேட்டான். அவர் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கட்டையால் தொட்டுக் காட்டினார்: இது முள்கரண்டியால் குத்தியது, இது நடுவில் ஒரே ஒரு கீறல், இது ஓரம் கோணல், அந்த வீட்டில் எப்போதும் கோணல்தான். சலவைக்காரர் துணியில் குறி பார்ப்பது மாதிரி.

ரொட்டிச் சலிப்புக்கு நடுவே என்னைக் காப்பாற்றியது பிஸ்ஸாரா. தோல் நீக்கிய காய்ந்த மொச்சை வகைப் பருப்பைப் பூண்டோடு குழைய வேகவைத்துக் கடைந்த சூப். தலா கபீரா என்ற சரிவுத் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், சாய்த்து வைத்த பானையிலிருந்து ஒருவர் அகப்பையால் மொண்டு ஊற்றுவார். மேலே ஆலிவ் எண்ணெய், சீரகப் பொடி, கொஞ்சம் மிளகாய்த் தூள். சுமைக்கூலிக்காரர்களும் தோல் பட்டறைக்காரர்களும் வேலைக்குப் போகுமுன் குடித்துவிட்டுப் போகிற பண்டம் அது. முதல் வாய் வைத்ததும் பருப்புக் கடைசல் ஞாபகம் வந்தது. "பாலாக்! பாலாக்!" என்று வழிவிடச் சொல்லிக்கொண்டு கழுதைக்காரர் ஒருவர் என் முதுகில் இடித்துக்கொண்டு போனார். நான் நகரவில்லை.

சைவக்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. காய்கறி தஜீன், ஏழு காய்கறி குஸ்குஸ் என்று பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். காய் வெந்தது பெரும்பாலும் கறி வெந்த சாற்றில்தான். பிஸ்ஸாராவையும் கத்தரிக்காய் ஸாலூக்கையும் நம்பலாம். மற்றதைக் கேட்டுச் சாப்பிடுங்கள். அப்படியே இன்னொன்றும். சுற்றுலாக்காரர்களுக்கென்று இருக்கிற ஒரு கடையில், நான் கேட்காமலே வந்த ஆலிவும் சாலட்டும் பில்லில் தஜீனை விட நீளமாக இருந்தன. மேசைக்கு வருவதெல்லாம் உபசாரம் இல்லை.

ஃபெஸ்ஸில் இருந்தபோது அடிக்கடி நினைத்துக்கொண்டது பயணி இப்னு பதூதாவைத்தான். 1304-இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்து, இருபத்தொரு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர். சுற்றிச் சுற்றி மதுரைக்கே வந்திருக்கிறார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. திரும்பிப் போன பிறகு, ஃபெஸ்ஸை ஆண்ட அபூ இனான் என்ற சுல்தானின் கட்டளைப்படி, தன் பயணக் கதையை அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி 1355-இல் முடித்தார். அந்த சுல்தான் கட்டிய மதரஸா இன்றும் தலா கபீராவில், நான் பிஸ்ஸாரா குடித்த சந்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே நிற்கிறது. அந்தப் புத்தகத்தில் மனிதர் ஓரிடத்தில் புலம்புகிறார்: மாலத்தீவு, இலங்கை, சோழமண்டலக் கரை, மலபார் என்று மூன்று வருஷம் சோறு சோறு என்றே தின்று, கடைசியில் தண்ணீர் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்ததாம். ஏறக்குறைய எழுநூறு வருஷத்துக்குப் பிறகு அவர் நாட்டில் உட்கார்ந்து நான் கணக்கை நேர் செய்துகொண்டிருந்தேன். அவர் மூன்று வருஷம் தாங்கினார். எனக்கு மூன்று நாளிலேயே முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மொராக்கோவில் வெள்ளி மதியம் என்றால் ஜும்மா தொழுகையும் குஸ்குஸும்தான். பழைய நகரத்தில் பாதிக் கடைகள் அடைத்திருக்கும். கடையில் குஸ்குஸ் தின்னாதே, வீட்டில் சாப்பிடு என்று லல்லா முதல் நாளே சொல்லிவிட்டார். சமையலைப் பார்க்கக் காலையிலேயே கீழே இறங்கிவிட்டேன்.

அகலத் தாம்பாளத்தில் கோதுமை ரவை. அதன்மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்து, விரல்களை அகட்டி வட்டமாகச் சுற்றிச் சுற்றி உருட்டுகிறார். எங்கள் வீட்டில் அம்மா புட்டு மாவு பிசிறுகிற அதே கை, அதே சத்தம். மணிமணியாகத் திரண்டதும் அடியில் ஓட்டை உள்ள மேல்பாத்திரத்தில் கொட்டி, கறியும் காயும் கொதிக்கிற கீழ்ப்பானையின் மேல் ஏற்றினார். இரண்டு பாத்திரமும் சேருமிடத்தில் ஆவி போகாமல் மாவு தோய்த்த துணியைச் சுற்றினார். புட்டுக்குடத்தின் கழுத்தில் துணி சுற்றுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஆனால் புட்டு ஒரு வேக்காட்டில் முடிந்துவிடும். இது அவிந்ததும் இறக்கி, தாம்பாளத்தில் கொட்டி, தண்ணீரும் எண்ணெயும் விட்டுக் கட்டி உடைத்து மறுபடி ஏற்ற வேண்டும். மூன்று முறை. மூன்றாம் முறை ஸ்மென் என்கிற புளிப்பேறிய பழைய வெண்ணெய் போட்டுக் கிளறினார். அந்த வாசனை பழகாதவருக்கு மூக்கைச் சுளிக்க வைக்கும். எனக்கு அது ஜாடியின் அடியில் தங்கிய பழைய நெய் மாதிரி இருந்தது. குஸ்குஸ் மரபை 2020-இல் அல்ஜீரியா, மொரிட்டானியா, மொராக்கோ, துனீசியா நான்கும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. ஒன்றாக உட்காரத் தயங்குகிற அண்டை வீடுகள் ஒரே தட்டுக்குக் கையெழுத்துப் போட்ட விஷயம் அது.

பையன் கெண்டியில் தண்ணீர் ஊற்ற எல்லோரும் கை கழுவினோம். "பிஸ்மில்லா" என்றார் வீட்டுப் பெரியவர். கையால் சாப்பிடுவதில் இவர்களுக்கு நான் ஒன்றும் இளைத்தவனில்லை என்ற தைரியத்தில் ஒரு பிடி எடுத்தேன். விரல் இடுக்கில் எல்லாம் உதிர்ந்து போயிற்று. மறுபடி. மடியில் கொட்டியது. எதிரே பெரியவர் ஒரு கை அள்ளி, உள்ளங்கையிலேயே மெல்லத் தூக்கித் தூக்கிப் போட்டார்; அது தானாக எலுமிச்சை அளவு உருண்டையாகத் திரண்டது; கட்டைவிரலால் சுண்டினாற்போல் வாய்க்குள் போயிற்று. நாம் விரல்நுனியால் சாப்பிடுகிறவர்கள். அவர் உள்ளங்கையால் சாப்பிடுகிறார். ஐம்பது வருஷப் பழக்கம் அங்கே எடுபடவில்லை. லல்லா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஒரு கரண்டி கொண்டுவந்து என் பக்கம் வைத்தார். பையன் மட்டும் சிரித்தான்.

பூசணியும் டர்னிப்பும் முட்டைக்கோஸும் கொண்டைக்கடலையும் சாற்றில் ஊறிய அந்தக் குஸ்குஸ், சோறு இல்லை. ஆனால் சோறு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் ஒரு தம்ளர் ல்பென். மோர்தான், உப்பு போடாத, கொஞ்சம் கெட்டியான மோர். "குல், குல்", சாப்பிடு சாப்பிடு என்று லல்லா கறியைப் பிய்த்து என் எல்லைக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார். சாப்பாடு முழுக்க ஒரு துண்டு ரொட்டிகூட கண்ணில் படவில்லை.

மறுநாள் தாஞ்சியருக்குக் கிளம்பியபோது வாசலில் ஒரு துணி மூட்டையைக் கையில் திணித்தார். ஃபெரானிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது, சூடு துணியைத் தாண்டித் தெரிந்தது. இரண்டு ரொட்டி. வழிக்கு.

ரயில் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். எதிர் இருக்கைக்காரர் பையைத் துழாவி ஒரு டின் மத்தி மீனைத் திறந்தார். பிறகு மறுபடி பைக்குள் கையை விட்டுத் தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. துணியை அவிழ்த்து ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்தேன். அவர் டின்னை நகர்த்தி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். எனக்கு எதிரே இருந்த மீனை மட்டும் எடுத்துக்கொண்டேன்.