அடிப்பெட்டி ஒட்டிய கை

ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை தெரிகிற ஒரு தெருவில், மாடி அறை ஒன்றின் தரையில் என் துணிப்பையைக் கவிழ்த்தேன். உள்ளே இருந்ததெல்லாம் அம்மாவின் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து வந்த தாள்கள். இன்லேண்டு கடிதங்கள் நான்கு, மூலை மடங்கிய பொங்கல் வாழ்த்து அட்டைகள், பால் கணக்கு எழுதிய தினசரி காலண்டர் தாள்கள், என்றைக்கோ கடைக்குக் கொடுத்தனுப்பிய ஒரு மளிகைச் சீட்டு. கூடவே பதினேழு போட்டோக்கள். அம்மாவுக்கு எழுபத்தைந்து முடியப்போகிறது. அதற்குள் இதையெல்லாம் ஒரு புத்தகமாக்கி அவர் மடியில் வைக்க வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது. பி.காம். படித்துவிட்டு, போனில் ஆர்டர் எடுத்துக் காகிதத்தில் பரிசுப் பொருட்கள் செய்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போட்டோ எதையும் தொடவில்லை. மளிகைச் சீட்டை எடுத்து விரித்தார்.

"அக்கா, இதுதான் முதல் பக்கம்."

துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரைக் கிலோ, சீயக்காய் ஒரு பாக்கெட். அதற்குக் கீழே, அடிக்கோடு போட்டு, 'பிள்ளைக்கு பென்சில்'. எத்தனையோ முறை நான் பார்த்த சீட்டுதான். அந்தப் பென்சில் எனக்கு வாங்கியது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவரிடம் வருகிற ஆர்டர்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும் என்றார். பத்துப் போட்டோ, எங்கிருந்தோ எடுத்த நான்கு வரி, தங்க நிறத்தில் 'அம்மா' என்று ஸ்டிக்கர் எழுத்து. அதை வேண்டாம் என்று அவர் சொல்வதில்லை. ஒன்று மட்டும் கேட்பார்: "அம்மா கையால எழுதின தாள் ஏதாவது இருக்கா?" முதலில் இல்லை என்பார்களாம். இரண்டு நாள் கழித்து கேஸ் புத்தகத்தின் பின்அட்டையையோ, ரேஷன் கார்டு உறையையோ, கோலப்புள்ளி வைத்துப் பார்த்த நோட்டையோ படம் எடுத்து அனுப்புவார்களாம். நம் வீடுகளில் அம்மாக்கள் டைரி எழுதியது குறைவு. எழுதியதெல்லாம் கணக்கும் சீட்டும்தான். அவர்களுடைய வாழ்க்கை அந்தத் துண்டுத் தாள்களில்தான் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்கிற வேலையே இந்தப் பரிசில் பாதி என்பேன்.

எதையும் அசலாக ஒட்ட மாட்டார். நல்ல தாளில் கலர் ஜெராக்ஸ் எடுத்து அதைத்தான் ஒட்டுகிறார். அசலை மடிக்காமல் ஒரு காகித உறையில் போட்டுக் கடைசி அட்டையில் செருகிவிடுவார். இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போட்டோவை வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்கிற ஆல்பம் ஒரு காலத்தில் எல்லாக் கடையிலும் விற்றது. என் கல்யாணப் போட்டோக்களை அதில்தான் வைத்தேன். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி இறுகிவிட்டது. பிரிக்கப் போனபோது அம்மாவும் நானும் நின்ற படம் குறுக்கே கிழிந்தது. அதற்கும் முந்தைய ஆல்பங்கள் எவ்வளவோ மேல். கறுப்பு அட்டைப் பக்கம், போட்டோவின் நான்கு முனைக்கும் முக்கோணக் காகித மூலை, இடையில் சிலந்தி வலைக் கோடு போட்ட பட்டர் பேப்பர். படத்தின் முதுகில் பசையே படாது. இவரும் அந்த மூலைகளைத்தான் தாளில் வெட்டி மடித்து வைக்கிறார். ஏ.டி.எம். சீட்டு, மெஷினில் அடித்த பஸ் டிக்கெட் போன்றவை சூட்டில் எழுத்து விழும் தாள். சில வருடத்தில் வெளுத்துப்போகும். அவற்றை ஜெராக்ஸ் எடுக்காமல் வைப்பதில் பயனில்லை என்றார்.

அன்று அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு 'எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ்'. மூடியைத் தூக்கினால் நான்கு பக்கமும் பூ விரிவதுபோல் விழுந்து, உள்ளே ஒட்டிய படங்கள் தெரியும். கணக்கு எளிது. 30 செ.மீ. சதுர அட்டையில் இரு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒரு கோடு. ஒன்பது கட்டம் வரும். நான்கு மூலைக் கட்டத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் நடுவில் தரை, சுற்றிலும் நான்கு சுவர். உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு வேண்டுமானால் அடுத்த சதுரம் 28.5, அதற்கடுத்தது 27. மூடி மட்டும் பத்தே கால் செ.மீ.க்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். சரியாகப் பத்தில் செய்தால் இறுகிப்போய்த் திறக்காது.

கணக்கைவிட மடிப்புதான் வேலை. ஒவ்வொரு தாளுக்கும் நார் ஓடுகிற திசை ஒன்று உண்டு. அந்தத் திசையில் மடித்தால் கோடு கத்திபோல் விழும். குறுக்கே மடித்தால் முதுகில் வெடிப்பு விட்டு வெள்ளை தெரியும். அட்டையை வாங்கியதும் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் வளைவது இலேசாக இருக்கிறதோ அதுதான் நார் ஓடும் பக்கம். பிறகு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து, அந்தப் பள்ளத்தில் மடிப்பார். இதற்கென்று விற்கிற கருவி எதுவும் அந்த அறையில் இல்லை.

காகிதப் பட்டையைச் சுருட்டி உருவம் செய்கிற குவில்லிங்குக்குத் தேவையான வண்ணப் பட்டைகளையும் அவர் கடையில் பாக்கெட்டாக வாங்குவதில்லை. சிவகாசியில் அச்சகங்களில் தாளை அளவுக்கு வெட்டும்போது ஓரத்தில் விழுகிற 'கட்டிங்' கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதிலிருந்து நீளமானவற்றைப் பொறுக்கி, 3 மி.மீ., 5 மி.மீ. அகலத்துக்குக் கீறிக்கொள்கிறார். 1920களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத் தொழிலை இழுத்துக்கொண்டு வந்தது. லேபிளிலிருந்து காலண்டர், காலண்டரிலிருந்து வாழ்த்து அட்டை, டைரி, நோட்டு. இன்றும் அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஆல்பங்களை அங்கே ஆடிப்பெருக்கன்று வெளியிடுகிறார்கள். என் அம்மா பால் கணக்கு எழுதிய தாளும் எனக்கு வந்த பொங்கல் வாழ்த்தும் அந்த ஊரில் அச்சானவையாகத்தான் இருக்கும்.

பட்டையை ஒரு ஊசியில் சுற்றி, விரலால் தளர்த்தி, ஒரு முனையைக் கிள்ளினால் இதழ் ஆகிவிடுகிறது. நான் முயன்றபோது சுருள் பிரிந்து ஓடியது. அவருக்கு ஒரு இதழுக்கு நான்கு விநாடி. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வீடியோ பார்த்து என்றார். காபி கொண்டுவந்த அவருடைய அம்மா சிரித்தார்.

"வீடியோவாம் வீடியோ. எங்க ஆத்தா மடியில உக்காந்து நான் பழகினேன். என் மடியில உக்காந்து இவ பழகினா."

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். பிறந்தது சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிட வேண்டும். குச்சி அடுக்குகிற உள்பெட்டி அடிப்பெட்டி. அதன் மேல் சறுக்கி ஏறுவது மேல்பெட்டி. அவர் அடிப்பெட்டிக்காரி. கூலி குரோசுக் கணக்கு. ஒரு குரோசுக்கு 144 பெட்டி. கல்யாணமாகி வந்த பிறகு பட்டாசுக்கு வெறுங்குழாய் சுருட்டினார். மருந்து இல்லாத காகிதக் குழாய்தான், அதை வீட்டிலேயே செய்யலாம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தாளை எண்ணி எடுத்துக் கொடுப்பாளாம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குக் கொடுத்த விலையை எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தில் காட்டியிருக்கிறார். இந்த அம்மா ஏழாம் வகுப்போடு நின்றவர். அதை நான் கேட்காமலே சொன்னார்.

ஒரு பெட்டி ஒட்டிக் காட்ட முடியுமா என்று தயங்கிக் கேட்டேன். முடியாது, மறந்துபோச்சு என்றார். ஆனாலும் மகளின் கட்டிங் மூட்டையிலிருந்து நீலத் தாள் ஒன்றை உருவிவிட்டார். பழைய தீப்பெட்டியின் உள்ளே ஓடும் அதே நீலம். அடுப்படிக்குப் போய் மைதாவைக் கிண்டி எடுத்துவந்தார். அந்தக் காலத்தில் அதில் மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார்களாம், பூச்சியும் கரப்பானும் அரிக்காமல் இருக்க. பலகையில் பசையை இழுத்துத் தடவி, தாளை அதன் மேல் வைத்து எடுத்தார். மெல்லிய அட்டைப் பட்டையை நான்கு இடத்தில் ஒடித்துச் சட்டமாக்கினார். தாள் அதைச் சுற்றி வந்தது. கீழே நீட்டிக்கொண்டிருந்த ஓரங்களைப் பெருவிரலால் ஒரே தள்ளில் உள்ளே மடக்கினார். அந்த நேரமெல்லாம் அவர் என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். கையைப் பார்க்கவே இல்லை. பெட்டி தரையில் இருந்தது, நான்கு மூலையும் நேராக.

மகள் அதை எடுத்துக் காயவைத்தார். "எங்கம்மாவுக்கு ஒரு புத்தகம் செய்யணும்னு ரெண்டு வருஷமா நினைக்கிறேன்க்கா. கல்யாணப் போட்டோ ஒன்னு, ஓட்டு அட்டையில ஒன்னு, அவ்வளவுதான் இருக்கு. கையெழுத்துன்னு பாத்தா கூலி நோட்டுல போட்ட கையெழுத்துதான். அந்த நோட்டு முதலாளி வீட்டுல இருந்திருக்கும்." சொல்லிவிட்டு அந்த நீலப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்குப் பரிசு என்றதும் நினைவுக்கு வருவது அன்னையர் தினம். அதை வேண்டிப் போராடிப் பெற்றவர் அமெரிக்காவின் அன்னா ஜார்விஸ். தன் தாயின் நினைவாக 1908 மே 10 அன்று கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் முதல் வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். 1914-இல் அது மே மாதம் இரண்டாம் ஞாயிறு என்று அரசு அறிவிப்பானது. அடுத்த சில வருடங்களில் பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள். தாய்க்கு எழுதச் சோம்பல்பட்டு அச்சடித்த அட்டை வாங்கி அனுப்புவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். பின்பாதி வாழ்க்கை முழுதும், கையிலிருந்த பணம் தீரும்வரை, தான் உண்டாக்கிய நாளை எதிர்த்தே போராடினார். அவர் கோபம் எனக்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அந்த அட்டைகளை மடித்து, எண்ணி, கட்டுப்போடுகிற பெண்களும் தாய்மார்கள் என்பதை சிவகாசிப் பக்கம் வாழ்கிற நம்மால் மறந்துவிட முடியாது.

பக்கங்கள் தயாரானதும் பைண்டிங்குக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ராஜபாளையத்திலிருந்து மதுரைச் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது இந்த ஊரில். அதனால் பைண்டிங் வேலைக்கு என்றும் பஞ்சமில்லை. நான் பார்த்த பெரியவர் கோர்ட்டுக் கட்டும் பத்திரமும் தைத்தே தலை நரைத்தவர். என் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியே தச்சா வயிறு ஊதிரும்மா" என்றார். படம் ஒட்டிய பக்கம் கனமாகும், முதுகுப் பக்கம் மெலிந்தே இருக்கும், புத்தகம் வாய் பிளக்கும். அதற்காக இரண்டு பக்கத்துக்கு நடுவில் விரலகல அட்டைப் பட்டை ஒன்றை முதுகோரம் வைத்துத் தைத்தார். பிறகு முதுகில் பசை தடவி, அதன் மேல் வலைபோல் நெய்த வெள்ளைத் துணியைப் படியவைத்தார். பேண்டேஜ் துணி. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்காக நெய்கிறார்களே, அதே துணி. கண் பெரிதாக இருப்பதால் பசை இறங்கி நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். மேலே காலிகோ துணி. ஒரு இரவு பாரத்தில் இருக்கட்டும், காலையில் வாங்க என்று அனுப்பிவிட்டார்.

மாலைப் பொழுது இருந்ததே என்று ஆண்டாள் சந்நிதிக்குப் போனேன். அவள் இடக்கையில் அன்றைய கிளி. தினம் ஒன்று புதிதாகச் செய்கிறார்கள், வழிவழியாக அந்தப் பணியைச் செய்துவரும் குடும்பத்தார். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் கண், கட்டுவதற்கு வாழைநார். ஒரு கிளிக்கு மணிக்கணக்கில் உழைப்பு. மறுநாள் அது வாடிவிடும், வேறொன்று வரும். தாயின் குரலெடுத்து, யசோதையாகவே நின்று கண்ணனைப் பாடிய பெரியாழ்வாரின் ஊர் இது. ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்த தகப்பன் அவர். அந்த ஊரில் ஒரு இரவு காத்திருந்துதான் என் அம்மாவின் புத்தகத்தை வாங்கினேன்.

நாற்பது பக்கம். கடைசி ஆறு பக்கம் காலி, அம்மா எழுதுவதற்கு. கொடுத்தபோது மளிகைச் சீட்டுப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு, "சீயக்காய் அன்னைக்கு அவன் தரல" என்றார். நாற்பது வருடத்துக் கணக்கு அவருக்கு நினைவிருந்தது. அன்று இரவு முதல் காலிப் பக்கத்தில் ஊறுகாய்க்கு மிளகாய் அளவு எழுதியிருந்தார்.

அந்தப் புத்தகத்துக்குப் பைண்டிங் நீங்கலாக அந்தப் பெண் செலவிட்டது பதினெட்டு மணி நேரம். பாதிப் பேர், "பேப்பர்தானே, இவ்வளவா?" என்று விலையைக் குறைக்கச் சொல்வார்களாம். மே மாத அன்னையர் தினத்துக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் மூன்று வாரம் முன்னால் கொடுங்கள். அம்மா கைப்பட எழுதிய தாள் ஒன்றையாவது தேடி எடுத்துக் கொடுங்கள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.