பெஞ்சில் அமர்ந்திருந்தவர்



யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்துகொள்ளும்படி சீஷர்கள் இருவரை நிறுத்தினார்கள். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. மற்றவராகிய பர்சபா என்னப்பட்ட யோசேப்பைக் குறித்து அதற்குப் பின்பு வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. மறுநாள் காலையில் அவர் என்ன செய்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. சில ஆண்டுகளாக, அவரை நினைக்கும்போதெல்லாம் ரக்பி ஆட்டக்காரர் ஒருவரும் உடன் நினைவுக்கு வருகிறார். நியூசிலாந்தைச் சேர்ந்த வாரன் கேட்லண்ட் அவர். (போதகருக்கு ரக்பி எதற்கு என்று கேட்காதிருங்கள். உறக்கம் வராத இரவுகளில் தொலைக்காட்சி கற்பித்தது.)

கேட்லண்ட் வைக்காட்டோ மாகாண அணியின் ஹூக்கர். ஸ்க்ரம்மில் முன்வரிசையின் நடுவே நின்று, பந்தைக் காலால் தம் அணியின் பக்கம் இழுக்கிறவர். 1988 முதல் 1991 வரை ஆல் பிளாக்ஸ் எனப்படும் தேசிய அணிக்காக 17 ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் ஒன்றுகூட டெஸ்ட் போட்டி அன்று. டெஸ்ட் என்றால் அந்த இடத்தில் ஷான் ஃபிட்ஸ்பாட்ரிக் நின்றார். 1986 முதல் 1995 வரை தொடர்ச்சியாக 63 டெஸ்டுகள். காயம்பட்டாலொழிய ஆட்டக்காரரை மாற்றக்கூடாது என்பது அக்காலத்து விதி. ஃபிட்ஸ்பாட்ரிக்கோ எளிதில் களம் விட்டு விலகுகிறவர் அல்லர். ஆகவே கேட்லண்ட் சீருடை அணிந்து பெஞ்சில் அமர்ந்தார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து போனார்.

பிறர் காயத்துக்காகக் காத்திருப்பது சங்கடமான காத்திருப்பு. ஒன்பது ஆண்டுகள் நான் உதவிப் போதகராயிருந்தேன். மூத்த போதகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று கேள்விப்பட்டால் என் மனம் சற்றே துள்ளியதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கேட்லண்ட் தம் 34ஆம் வயதில், 1998இல், அயர்லாந்து தேசிய அணியின் பயிற்சியாளரானார். 2001இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். பின்பு இங்கிலாந்தின் வாஸ்ப்ஸ் கழகத்தை உயர்த்தினார். 2007 உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் தோற்று நொந்திருந்த வேல்ஸ் அவரை அழைத்தது. அடுத்த ஆண்டிலேயே அந்த அணி ஆறு நாடுகள் போட்டியின் ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் பெற்றது. 2012இலும் 2019இலும் மீண்டும் பெற்றது.

ஆனால் என்னை உறங்கவிடாதது அந்த வெற்றிகள் அல்ல. 2013இல் அவர் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணியை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்றார். இரண்டு டெஸ்டுகள் முடிந்து தொடர் சமநிலையில் நின்றது. சிட்னியில் நடக்கவிருந்த கடைசி டெஸ்டுக்கான 23 பேரில் பிரையன் ஓ'டிரிஸ்கலின் பேர் இல்லை. அயர்லாந்தின் பெருமைக்குரிய ஆட்டக்காரர் அவர். அது அவருக்கு நான்காவது லயன்ஸ் பயணம். 1999இல் அவரை முதன்முதலாக டெஸ்டில் இறக்கியவரும் இதே கேட்லண்ட்தான். பெஞ்சின் கசப்பை அறிந்தவர், தாம் வளர்த்துவிட்டவருக்குப் பெஞ்சையும் தரவில்லை. அயர்லாந்து கொதித்தது. வேல்ஸ்காரர்களுக்குப் பட்சபாதம் காட்டுகிறார் என்றார்கள். லயன்ஸ் 41-16 என்று வென்றது. தீர்மானம் சரியானதே என்று நான் எண்ணுகிறேன். ஆயினும் சரியான தீர்மானம் காயப்படுத்தாது என்று யார் சொன்னது?

சென்ற ஆண்டு நானும் அப்படியொரு தீர்மானம் எடுத்தேன். எங்கள் பாடகர் குழுவை நாற்பது ஆண்டுகள் நடத்திவந்த பெரியவருக்குச் செவி மங்கிவிட்டது, சுருதி விலகியது, இளைஞர்கள் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். சிறுவனாயிருந்த எனக்குப் பாடக் கற்பித்தவர் அவர். மாற்றவேண்டியிருந்தது, மாற்றினேன். நேரில் சொல்லத் துணிவின்றிக் கடிதம் எழுதி, சபை மூப்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மறு ஞாயிறு ஆராதனையில் அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

கேட்லண்டும் மறுபடி வெளியே வந்துவிட்டார். 2022இன் இறுதியில் வேல்ஸுக்குத் திரும்பியவர் 2024இல் ஒரு டெஸ்டும் வெல்லவில்லை. 2025 பிப்ரவரியில் இத்தாலியிடம் 22-15 என்று தோற்றபோது, அது தொடர்ச்சியாகப் பதினான்காவது தோல்வி. மூன்று நாட்களில் பதவி விலகினார். அந்தச் செய்தியை மறுபடியும் எடுத்து வாசித்த அன்று மாலை, நான் பெரியவரின் வீட்டுக்குப் போனேன்.

காப்பி கொடுத்தார். சுவரில் பழைய பாடகர் குழுவின் புகைப்படம். முன்வரிசையில் எட்டு வயதுச் சிறுவனாக நான். கடிதம் அனுப்பியது தவறு என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, புதிதாய் வந்த பையன் டெனரைச் சற்று அவசரப்படுத்துகிறான் என்றார். புறப்படும்போது வாசல்வரை வந்தார். முன்பெல்லாம் என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். அன்றும் அப்படி அழைப்பாரோ என்று நின்றேன்.

"போய்வாருங்கள், ஐயா" என்றார்.