வருஷம் எழுதிய புட்டி

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் திராட்சை ஒரு பருவத்தின் கனி அன்று. ஒரு தோட்டத்துப் பந்தலில் குலை வெட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தோட்டத்தில் கவாத்து முடிந்து துளிர் விட்டிருக்கும். கத்தரி வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 120 நாள் எண்ணி அறுவடையை நிச்சயிப்பது எங்கள் வழக்கம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்டதாக ஊரில் சொல்லப்படும் அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொண்டது வருஷம் முழுவதும் காய்க்கும் அதன் சுபாவத்தைத்தான். அப்படிப்பட்ட ஊரில், அப்பாவின் பம்புசெட்டு அறை நிழலில் விளையாடி வளர்ந்த நான், 2011 அக்டோபரில் என் கணவரின் உத்தியோகத்தின் பொருட்டு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துக்குக் குடிவந்தபோது, கொடிக்கு உறக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே அறியாதவளாக இருந்தேன்.

வில்லமெட் பள்ளத்தாக்கு என்பது நாங்கள் குடியேறிய பிரதேசத்தின் பெயர். மேற்கே பசிபிக் கரையோர மலைத்தொடர், கிழக்கே காஸ்கேட் மலைகள், நடுவே 45-ஆம் அட்சரேகை கடந்து செல்லும் அகன்ற பசுமை. மழையெல்லாம் குளிர்காலத்தில் பெய்து தீர்ந்துவிட, கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது; ஆயினும் மேற்கு மலையில் வான் டூசர் என்று பெயர் பெற்ற ஒரு தாழ்ந்த இடைவெளி இருப்பதனால், வெயில் சாயும் வேளையில் கடற்காற்று அதன் வழியே பள்ளத்தாக்கினுள் புகுந்து இரவைக் குளிர்விக்கிறது. ஆடி மாதத்தில் மலை இடுக்கு வழியே வீசும் காற்றை அறிந்த எனக்கு, அந்த மாலைக் காற்று முதல் பரிச்சயமாயிற்று. டண்டீ குன்றுகளில் எரிமலைப் பாறை தேய்ந்து உண்டான ஜோரி என்னும் செம்மண் இரண்டாவது பரிச்சயம். அதே 2011-இல்தான் அந்த மண்ணைத் தன் அதிகாரபூர்வமான மண்ணாக ஒரேகான் பிரகடனம் செய்திருந்தது என்பதைப் பிற்பாடு அறிந்து, காரணம் சொல்லத் தெரியாத சந்தோஷம் அடைந்தேன்.

இந்தக் குன்றுகளில் பிளம் பழமும் ஹேசல் கொட்டையும் விளைந்துகொண்டிருந்த காலத்தில், டேவிட் லெட் என்னும் இளைஞர் 1965-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 3,000 திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்தார். இக்குளிரில் நல்ல திராட்சை பழுக்காது என்று விஷயம் அறிந்தவர்கள் எச்சரித்ததைப் பொருட்படுத்தாமல், மறுவருஷமே டண்டீ குன்றில் பினோ நுவார் கொடிகளை ஊன்றினார். அவர் செய்த 1975-ஆம் வருஷத்து ஒயின், 1979-இல் பாரிஸில் நடந்த போட்டியில் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களுக்கிடையே முதல் பத்தில் இடம்பெற்று, அடுத்த வருஷம் பர்கண்டியில் நடந்த மறுபரீட்சையில் இரண்டாவதாக வந்தது. அந்த மறுபரீட்சையை நடத்திய ரோபர்ட் துரூவான் குடும்பமே 1987-இல் டண்டீயில் நிலம் வாங்கிற்று. அந்நிய மண்ணில் ஊன்றிய குச்சி வேர்விடுமா என்ற கேள்வியோடு வந்திறங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு இவ்விருத்தாந்தம் எத்தகைய தைரியம் தந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அறுவடைக் காலத்தில் ஒரு சிறு ஒயின் பண்ணைக்கு உதவிக்குப் போவாள். வந்த மூன்றாம் வாரம் என்னையும் அழைத்துப் போனாள். வயோதிகத் தம்பதி இருவர், பன்னிரண்டு ஏக்கர் கொடி, ஒரு பழைய களஞ்சியம், அதனுள் மரப்பீப்பாய்கள். அவ்வளவுதான் அந்தப் பண்ணை. அந்த வருஷம் அப்பிரதேசத்தின் நினைவிலேயே மிகவும் குளிர்ந்த, மிகவும் தாமதமான வருஷங்களுள் ஒன்று. அக்டோபர் கடைசி வாரத்திலும் பழத்தில் சர்க்கரை ஏறியபாடில்லை, வலசை வந்த பறவைக் கூட்டம் ஒருபுறம், வரப்போகும் பெருமழை ஒருபுறம். நவம்பர் முதல் வாரத்தில், கம்பளிக் கையுறைக்குள் விரல் விறைத்துப்போக, மேஜையின்மேல் கொட்டிய குலைகளிலிருந்து அழுகலைப் பொறுக்கி எறியும் வேலை எனக்குக் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குலை. காட்டு நாவல்பழம் போன்ற கருநீலம். பிரெஞ்சு மொழியில் பினோ நுவார் என்ற அதன் பெயருக்குக் கறுத்த பைன் என்று பொருள், பைன் மரக்காயைப் போல மணிகள் நெருங்கி ஒட்டியிருப்பதால் வந்த பெயர் என்பார்கள். அந்நெருக்கத்தினால் ஒரு மணி அழுகினாலும் குலை முழுவதும் கெடும். தோலோ மிக மெல்லியது. வெயிலும் மழையும் குளிரும் மூட்டமும் அந்த மெல்லிய தோலைக் கடந்து உள்ளே சென்று தங்கிவிடுகின்றன என்று அந்த அம்மையார் சொன்னதை, சொல்லழகு என்றே அன்று எண்ணினேன்.

அவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை ஒயினை வெளியிடுவார்கள். பல தோட்டத் துண்டுகளின் ரசத்தைக் கலந்து, பத்து மாதம் போலப் பீப்பாயில் வைத்தது வசந்தத்தில் வரும். ஒரே தோட்டத் துண்டிலிருந்து எடுத்து இன்னும் நீண்ட காலம் பீப்பாயிலும் புட்டியிலும் உறங்கவிட்டது இரண்டு இலையுதிர் காலங்களுக்குப் பிறகு வரும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஒரு பக்கக் கடிதம் ஒன்று புட்டியோடு சேர்ந்து வரும்; எந்த நாள் துளிர்த்தது, பூக்கும் வாரத்தில் மழை பெய்ததா, ஆகஸ்டில் எத்தனை நாள் காய்ந்தது, எந்தக் காலையில் வெட்டத் துணிந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் வாழ்ந்து மறந்துவிட்ட ஒரு வருஷம் கடிதமாகவும் ரசமாகவும் இப்படித் திரும்பி வருவதை வேறெங்கும் நான் கண்டதில்லை. புது நாட்டில் நினைவென்று ஏதும் இல்லாதிருந்த எனக்கு, 2013-இன் பிற்பகுதியில் வந்த 2011-ஆம் வருஷத்துப் புட்டியே இந்நாட்டின் முதல் ஞாபகச் சின்னம். நிறம் வெளிறி, புளிப்பு தூக்கலாய், மெலிந்திருக்கிறது என்று அன்று பலர் குறை கூறினார்கள். பத்து வருஷம் கழித்துத் திறந்தவர்களோ அதன் நறுமணத்தைக் கொண்டாடினார்கள்.

ஊரில் இதையெல்லாம் சொல்வது சுலபமாக இல்லை. தமிழ்நாட்டில் ஒயின் ஷாப் என்றால் சாராயக்கடை. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா தொலைபேசியில் நெடுநேரம் மௌனமாக இருந்தாள். ஒரு தெருவையே நாசமாக்கிய குடியைக் கண்டவள் அவள். அந்த மௌனத்துக்கு நான் தலைவணங்கினேனேயொழிய, வாதம் செய்யவில்லை. அப்பா மட்டும், "கொடி எப்படிம்மா கட்டியிருக்காக, பந்தலா, கம்பி வேலியா?" என்று கேட்டார்.

2014 ஆகஸ்டில் அவரே வந்து பார்த்தார். கோடை வெப்பம் தாராளமாக இருந்து, காய்ப்பும் மிகுந்திருந்த வருஷம் அது. குலைகள் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு நிறம் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், வேலையாட்கள் வரிசை வரிசையாக நடந்து, பின்தங்கிய பச்சைக் குலைகளை வெட்டி மண்ணில் போட்டுக்கொண்டு போவதைக் கண்டு அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கு மேல் வைத்தால் எஞ்சிய பழத்தில் சாரம் ஏறாது என்பது அவர்கள் கணக்கு. எங்கள் பந்தலில் அதைப்போல் பன்மடங்கு தொங்கும். "ஏம்மா, வெளைஞ்ச குலையை வெட்டித் தரையில போடுறாகளே, வயிறு எரியாதா?" என்று கேட்டவர், குனிந்து ஒரு பச்சைக் குலையை எடுத்துத் துண்டில் மண்ணைத் துடைத்து, ஒரு மணியைப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்தார், புளிப்பில் கண் சுருங்கிற்று. பிறகு மேலே தொங்கிய நீலக் குலையில் ஒரு மணியைச் சுவைத்து, விதையைத் துப்பாமல் மென்று, வெகுநேரம் கழித்து, "சரித்தான்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தரையில் கிடந்த குலைகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கியே வரிசை முடியும்வரை நடந்துவந்தார்.

2020-ஐப் பற்றி எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது. செப்டம்பர் 7-ஆம் தேதி எழுந்த கிழக்குக் காற்று, மலைக் காடுகளில் இருந்த தீயைப் பள்ளத்தாக்கை நோக்கி விரட்டிற்று. அவ்வருஷம் ஒரேகானில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. நண்பகலில் வானம் செம்மஞ்சளாய் மங்க, ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணியைத் திணித்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். கொடிகளுக்கோ வீடு இல்லை. மரம் எரியும் புகையிலுள்ள குவாயகோல் முதலிய பொருள்கள் தோல் வழியே பழத்துள் சென்று சர்க்கரையோடு பிணைந்துவிடுகின்றன; பழத்தைத் தின்றால் ஒரு தோஷமும் தெரியாது; நொதித்த பிறகோ, புட்டியில் மாதங்கள் கழிந்த பிறகோ, அந்தப் பிணைப்பு அவிழ்ந்து சாம்பல் சுவை தலைகாட்டும். பரிசோதனைச் சாலைகளில் மாதிரிகள் குவிந்து, முடிவு வருமுன்பே பழம் முதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தம்பதி வாளிகளில் கொஞ்சம் கொஞ்சமாய் நொதிக்கவைத்து, காலையும் மாலையும் சுவைத்துப் பார்த்து, கடைசியில் சிவப்பு ஒயின் செய்வதில்லை என்று முடிவு செய்தார்கள். நிறத்துக்கும் சுவைக்கும் ஆதாரமான தோலில்தான் புகையும் இருந்தபடியால், பழத்தைப் பிழிந்த கையோடு தோலை நீக்கி, வெளிர் ரோஜா நிறத்தில் சிறிதளவு மட்டும் செய்தார்கள். பள்ளத்தாக்கில் இப்படி முடிவெடுத்தவர்கள் அநேகர். இலையுதிர் வெளியீட்டுக்கு முறை வந்தபோது புட்டி வரவில்லை; கடிதம் மட்டும் வந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தை நான் எந்தப் புட்டிக்கும் குறைந்ததாகக் கருதவில்லை.

மறுவருஷம் ஜூன் 28-ஆம் தேதி போர்ட்லாந்தில் 46.7 பாகை வெயில் அடித்தும், காய்கள் கெட்டியான பச்சை மணிகளாய் இருந்த பருவமானதால் கொடிகள் தப்பின.

2022-இன் சோதனை வேறு விதமானது. ஏப்ரல் 11-ஆம் தேதி போர்ட்லாந்தில் யாரும் எதிர்பாராத பனி பொழிந்தது. அவ்வாரத்து உறைபனியில், அப்போதுதான் திறந்திருந்த மொட்டுகள் பல கருகின. இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் கலங்கவே இல்லை. "பெரிய கண்ணுக்குப் பக்கத்திலேயே சின்னக் கண்ணு ஒண்ணு இருக்கும், பாரு. அது இன்னும் தூங்கும். பெரியது போச்சுன்னாத்தான் அது எந்திரிக்கும். ஆனா காய்ப்பு கம்மி" என்றார். மறுவாரம் பண்ணைக்குப் போனபோது, அந்த அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு தண்டாய்க் கருகிய மொட்டின் அருகே தினையளவு பச்சைப் புள்ளியைத் தேடிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சின்னக் கண்கள் விழித்தன. அப்பா சொன்னதற்கு மாறாக, பலர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே காய்த்தன. அறுவடை பிந்தினாலும், அக்டோபர் வெதுவெதுப்பாய் நீண்டு அவ்வளவையும் பழுக்கவைத்தது.

அந்த வருஷத்துப் புட்டி 2024 இலையுதிரில் வந்தது. அதன் முகப்புச் சீட்டை நீரில் ஊறவைத்துக் கிழியாமல் உரித்து, தைக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குக் கொண்டுபோனேன். எங்கள் திராட்சைக்கு வருஷம் கிடையாது என்று நான் இத்தனை காலம் எண்ணியிருந்ததை, பம்புசெட்டு அறையின் கதவைத் திறந்த அந்தக் கணம் நொறுக்கிற்று. சுவர் நிறையக் கரிக்கட்டியால் எழுதிய தேதிகள்: கவாத்து, மருந்து, வெட்டு, மழையில் போனது, விலை கிடைக்காமல் விட்டது, நான் பிறப்பதற்கு முந்திய தேதிகளும் அவற்றுள் இருந்தன. குழந்தையாய் அந்தச் சுவரில் சாய்ந்து விளையாடியவளுக்கு அது கிறுக்கலாகவே தெரிந்திருந்தது. அப்பா சீட்டை ஒட்டுவதற்கு இடம் தேடிக் கைவிளக்கை உயர்த்தினார். மோட்டாருக்கு மேலே, இரண்டு கவாத்துத் தேதிகளுக்கு நடுவே, அவருடைய சாய்ந்த எழுத்தில் இருந்தது: 2022 ஏப்ரல், பாப்பா ஊரில் உறைபனி.