புல்லுருவியா நான்?

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஆடிக் காற்றில், அப்பா கூலிக்குச் செல்லும் தோட்டத்தில் மாமரக் கிளையொன்று முறிந்து விழுந்தது. அதில் தடித்த இலைகளும் வெள்ளை வேர்களுமாக ஒரு சிறு செடி ஒட்டியிருந்தது. காய்ந்துவிடுமே என்று எடுத்து வந்தேன்.

“புல்லுருவி கண்ணு. மரத்தோட சத்தைத் திங்கறது. வீசிப் போடு” என்றார் அப்புச்சி.

அச்சொல் என்னைத் தைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அக்காள் நூற்பாலையில் இரவு வேலை பார்த்துத்தான் படிக்க வைக்கிறாள். “பொட்டப்புள்ள சம்பாத்தியத்துல பையன் படிக்கறான்” என்று உறவினர் சொன்னதை நான் மறக்கவில்லை.

செடியைத் தொட்டியில் நட்டு, மண்ணிட்டு, நாள்தோறும் நீர் ஊற்றினேன். வேர்கள் அழுகின, இலைகள் மஞ்சளாயின.

வழி காட்டியது தாவரவியல் வகுப்பு. அது வாண்டா என்னும் ஆர்க்கிட்; தொற்றுத் தாவரம். மரத்தில் இடம் மட்டுமே பெறும், உணவைத் திருடாது. வேர்களைப் போர்த்திய ‘வெலாமன்’ என்னும் பஞ்சு போன்ற திசு, மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஈர மண்ணில் காற்றின்றி அவ்வேர் அழுகாமல் என்ன செய்யும்?

அழுகியதை நறுக்கி நீக்கிவிட்டு, காய்ந்த மாங்கட்டையில் தேங்காய் நாரால் கட்டி, இளவெயில் படும்படி தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். நீர் தெளித்தால் வேர் பச்சையாகும். மீண்டும் வெளுத்த பின்னரே அடுத்த நீர். நண்பர்களே, வளர்க்க விரும்புவோர் காட்டிலிருந்து பறிக்க வேண்டாம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் தனித் தோட்டம் அமைத்துக் காத்துவரும் செல்வம் இந்த ஆர்க்கிடுகள்.

பின்னர் இன்னொன்றும் படித்தேன். ஆர்க்கிட் விதை தூசு போன்றது. அதில் சேமித்த உணவு மிகச் சொற்பம். இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். 1899-இல் இதைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்டு.

மரத்திடம் எதையும் திருடாத செடியும், பிறந்தபோது ஒருவர் ஊட்ட உண்டதுதான். நானும் அப்படியே. வாங்கவில்லை என்று சொன்னால் பொய். அக்காளின் உறக்கத்தையே வாங்கியிருக்கிறேன்.

இந்தச் சித்திரையில் செடி பூத்தது: பழுப்பு மஞ்சள் இதழ்களில் வலைக்கோடுகள், நடுவில் ஊதா. விடியற்காலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்த அக்காள் முகர்ந்து பார்த்து, “வாசமா இருக்குது தம்பி” என்றாள்.

இப்போது நீர் தெளிப்பவர் அப்புச்சி. புல்லுருவி என்று அவர் சொல்வதில்லை.